கரிசலிலிருந்து பட்டணம் போகும் பிள்ளைகள்: துணை நிற்போர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கரிசல் காட்டின் நாட்காட்டியும் பள்ளிக்கூடத்தின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். தைக்கும் பங்குனிக்கும் இடையில் அறுப்பு முடிந்துவிடும். அதன்பிறகு காட்டில் வேலை இல்லை. மழை ஏமாற்றிய வருஷம் கார்த்திகையிலேயே வெள்ளாமை காய்ந்துவிடும். உடனே திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ குடும்பம் கிளம்புகிறது. பள்ளிக்கூடமோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பிள்ளை பஸ் ஏறினால், பழைய பள்ளியில் 'வருவதில்லை', புதிய ஊரில் 'சேரவில்லை' என்று இரண்டுக்கும் நடுவில் அந்தப் படிப்பு நின்றுபோகிறது.

பத்து வயதுப் பிள்ளை எந்த ஊரிலும் பழகிவிடும். பழக மறுத்து முறுக்கிக்கொண்டு நிற்பவை பள்ளி அலுவலகம், வாடகை வீடு, கம்பெனி நேரம், ரேஷன் கடை ஆகியவைதான். ஆகவே பிள்ளையைத் திருத்தும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பிள்ளையைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டைச் சரிசெய்யும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், தன்னார்வலர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என யார் துணை நின்றாலும் இந்த வரிசை மாறக் கூடாது. கீழே உள்ளவை அந்த வரிசையில் அமைந்தவை.

1. கிளம்புவதற்கு முன், ஊரிலேயே

செய்ய வேண்டியவை

- குடும்பம் போகப்போகிறது என்ற பேச்சு எழும்போதே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். எந்த ஊர், அங்கே தெரிந்தவர் யார், பிள்ளை எந்த வகுப்பு ஆகிய மூன்றையும் முதலில் கேளுங்கள். ஏப்ரல் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தால், அதுவரை தாத்தா, ஆச்சி வீட்டில் பிள்ளை இருக்க முடியுமா என்று பாருங்கள்.
- தாள்களைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்: மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்குள்ள எண்), பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, ஆதார், ரேஷன் அட்டை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளையானால் அதற்கான அடையாள அட்டை. எல்லாவற்றையும் படமெடுத்து அப்பா, அம்மா இருவர் போனிலும் வையுங்கள்.
- சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள். விசாரணை சொந்த ஊரில்தான் நடக்கும். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு எட்டயபுரம் தாலுகா ஆபீசுக்கு அலைவது ஒரு நாள் கூலியோடு போகிற செலவல்ல.
- போகிற ஊரில் பிள்ளைக்கென்று ஒரு பெரியவரைக் கண்டுபிடியுங்கள். எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதி ஐந்து வயதில் தாயையும் 1898-ல் தந்தையையும் இழந்தவர். அதே ஆண்டில் காசிக்குப் போனார். அங்கே அத்தை குப்பம்மாள் வீடு இருந்தது. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தார். அறிவு அவருடையது, அதற்கு ஒதுங்க இடம் கொடுத்தது அத்தை வீடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு வீடாவது வேண்டும். சித்தி, மாமா, ஊர்க்காரர் என்று யாரும் இல்லாவிட்டால், அங்கே உள்ள ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ அந்த இடத்தில் நிற்கலாம்.
- 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதலாக யோசியுங்கள். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் படிக்கும் பள்ளி வழியாகத்தான் போகிறது. நடு ஆண்டில் மாறினால் அது குழம்பும். ஊரிலேயே அரசு மாணவர் விடுதியில் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

செய்யக்கூடாதவை

- "ஊரை விட்டுப் போகாதீங்க" என்று புத்தி சொல்லாதீர்கள். கடனும் காய்ந்த காடும் உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சால் பயன் இல்லை. அடுத்த முறை உங்களிடம் உண்மையைச் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்.
- பெற்றோர் வாங்கும் முன்பணக் கணக்கில் பிள்ளையின் உழைப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் விடாதீர்கள். சேர்ந்திருந்தால் அது சட்ட விரோதம். அங்கேயே பேச வேண்டியது அது.
- பிள்ளைக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப விடாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஊர், எப்போது திரும்புவோம் என்பதை அதற்குச் சொல்ல வேண்டும். டீச்சரிடமும் சேக்காளிகளிடமும் வளர்த்த ஆட்டுக்குட்டியிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப ஒரு நாள் கொடுங்கள்.

2. போன இடத்தில் முதல் மாதம்

செய்ய வேண்டியவை

- பிள்ளையோடு நடந்துபோய் வழி காட்டுங்கள். வீடு, பள்ளி, பஸ் நிறுத்தம், தண்ணீர்க் குழாய், மளிகைக் கடை, அம்மா வேலை செய்யும் கம்பெனி வாசல். ரோட்டை எங்கே கடக்க வேண்டும் என்பதைக் காட்டி, அதை மறுபடி உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். அப்பா, அம்மா போன் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள்.
- கழிப்பறையைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். காட்டுப் பக்கம் பழகிய பிள்ளைக்கு, லைன் வீட்டில் பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கழிப்பறையில் காலையில் வரிசை நிற்பது பெரிய மாற்றம். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரரிடம் பேசி, பள்ளி நேரத்துக்கு முன் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வாங்கிக் கொடுங்கள். தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- சாயங்காலம் நாலரை மணிக்கும் ராத்திரி எட்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பனியன் கம்பெனியில் அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால், பள்ளி விட்ட பிள்ளை நான்கு மணி நேரம் தனியாக இருக்கும். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு நேரும் ஆபத்துகள் இந்த நான்கு மணி நேரத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. நூலகம், மாலை நேர வகுப்பு, நம்பிக்கையான பக்கத்து வீடு என ஏதாவது ஒன்றை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.
- சாப்பாட்டைப் பள்ளியோடு இணையுங்கள். காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் எட்டயபுரத்தில்தான் தொடங்கி வைத்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. அம்மா எட்டு மணிக்கே ஷிப்டுக்குப் போகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருந்தால் அங்கன்வாடியில் சேருங்கள். வெளியூர்க்காரர் என்பது அங்கே தடையல்ல.
- ரேஷன் அட்டையை மாற்றினால்தான் அரிசி கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' நடைமுறையில், கைரேகை வைத்துத் தமிழ்நாட்டுக்குள் வேறு கடையிலும் வாங்கலாம். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள்.
- விளையாட்டைக் கேளுங்கள். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். மட்டை பிடித்த பிள்ளையைப் புது ஊரில் மைதானமே இல்லாமல் நிறுத்தினால், அது தன் கெட்டிக்காரத்தனத்தையே ஊரில் விட்டுவந்த மாதிரி. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

- பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போக விடாதீர்கள். பெற்றோர் பயத்தில்தான் பூட்டுகிறார்கள். திட்டிப் பயனில்லை, மாற்று ஏற்பாடு வேண்டும்.
- பேசாமல் இருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று முடிவுகட்டாதீர்கள். முதல் சில வாரங்களில் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பள்ளி போகும் நேரத்தில் வயிற்றுவலி, அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் பலருக்கும் வருபவை. வழக்கமான சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், ஒரு சேக்காளி கிடைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.
- அதற்காக எல்லாவற்றையும் 'சரியாயிரும்' என்று தள்ளியும் போடாதீர்கள். சாப்பிடாமல், தூங்காமல் நாட்கள் நீண்டாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம்.

3. பள்ளியில் சேர்க்கும்போது

செய்ய வேண்டியவை

- சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்தும். இதன் 5-வது பிரிவின்படி, ஊர் மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. 14-வது பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்பதும், 15-வது பிரிவின்படி சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்பதும் மறுக்கக் காரணமாகா.
- வயதுக்கேற்ற வகுப்பைக் கேளுங்கள். 4-வது பிரிவு அதைச் சொல்கிறது. இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் உரிமை உண்டு.
- எமிஸ் பதிவைப் பின்தொடருங்கள். பழைய பள்ளி பிள்ளையின் பெயரை இணையத்தில் 'பொதுத் தொகுப்பு'க்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். இது தெரியாமல் பல பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பதிவேட்டில் இல்லாதவர்களாக இருக்கிறார்கள். புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இந்தப் பதிவை ஒட்டியே வருகின்றன. ஊர்ப் பள்ளி டீச்சரின் போன் எண் உங்களிடம் இருந்தால் அரை நாளில் முடிகிற வேலை.
- அரசுப் பள்ளித் தொடர்ச்சியின் மதிப்பைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிப் படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளிப் படிப்பு எங்கே என்று பார்க்கின்றன. பட்டணம் வந்த பெருமையில் ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் சிறிய ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பீஸ் கட்ட முடியாமல் திரும்புகிறவர்கள் இதை இழக்கக்கூடும்.

செய்யக்கூடாதவை

- ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கொண்டு வராதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.
- அலுவலக அறையில் சண்டையோடு தொடங்காதீர்கள். அதே தலைமையாசிரியரிடம்தான் அந்தப் பிள்ளை அடுத்த பத்து மாதமும் படிக்க வேண்டும். முதலில் வேண்டுகோள், பிறகு எழுத்து மூலம் மனு, அதற்கும் மேல் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.
- 8-ம் வகுப்புக்கு மேலும் இந்தச் சட்டப் பாதுகாப்பு அப்படியே தொடரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அங்கே சான்றிதழ் இல்லாமல் போனால் சிக்கல்தான்.

4. பேச்சு, மொழி

செய்ய வேண்டியவை

- ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கரிசல் பையன் சேக்காளியை 'ஏலே' என்று பிரியமாகத்தான் கூப்பிடுவான். 'ங்க' போட்டே பேசும் கொங்கு நாட்டு வகுப்பில் அது மரியாதைக் குறைவாகக் காதில் விழும். முதல் வாரத்துச் சண்டைகளில் சில இப்படித்தான் பிறக்கின்றன.
- வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கரிசலில் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. எழுத்தில் தடுமாறினால் அதை மனதில் வைத்துப் பாருங்கள்.
- நம் பக்கத்துக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசிலும் ஆலையிலும் வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டம் இதற்கு நல்ல பாடம். பிள்ளையின் தாய்மொழி தெரிந்த கல்வித் தொண்டரை வைத்து, அதிலிருந்து மெல்ல மெல்ல மலையாளத்துக்கு அழைத்து வந்தார்கள். காலை உணவும் கொடுத்தார்கள்.

செய்யக்கூடாதவை

- பேச்சைக் கேலி செய்யாதீர்கள். கேலி நடக்கும்போது சிரித்துக்கொண்டும் நிற்காதீர்கள். 'பட்டிக்காடு' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது.
- பிள்ளையையே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராக்கி, கடன், நோய், சண்டை எல்லாவற்றையும் அதன் வாயால் பேசவைக்காதீர்கள்.

5. சாதி, பெயர், படம்

செய்ய வேண்டியவை

- பிள்ளையின் பெயர், ஊர், குடும்ப விவரங்களைப் பூட்டிய கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.
- வாடகைக்கு வீடு தேடும்போது சாதி கேட்டுத் தட்டிக்கழிக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். தெரிந்த நல்ல வீட்டுக்காரர்கள் பட்டியலை வைத்திருங்கள். பிள்ளை முன்னால் அந்த அவமானம் நடக்காமல் பார்ப்பதும் உங்கள் வேலை.
- பள்ளியில் கைக் கயிறு நிறம் பார்த்துச் சாதிக் குழு சேரும் வழக்கம் தென் மாவட்டங்களுக்குத் தெரிந்ததுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வெட்டப்பட்ட பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. புது ஊரில் பிள்ளை எந்தக் குழுவுக்குள் இழுக்கப்படுகிறது என்று கவனியுங்கள்.

செய்யக்கூடாதவை

- "எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மகன்?" என்று வகுப்பு நடுவே கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அது சாதி விசாரணைதான் என்று பிள்ளைக்கும் தெரியும்.
- நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அதே படம் வகுப்பில் கைக்குக் கை மாறும். அரசின் பாதுகாப்பில் உள்ள, அல்லது குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம்.
- எட்டயபுரத்தை ஒட்டிய தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளையிடம், பிறர் கேட்டுக்கொண்டிருக்கப் போர்க் கதை கேட்காதீர்கள். தன் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம்.

6. 'வேலைக்குப் போகட்டுமே' என்ற பேச்சு எழும்போது

செய்ய வேண்டியவை

- சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. தீப்பற்றும் பொருள், வெடிபொருள் வேலை அதில் அடக்கம்.
- பிள்ளையின் கூலி நின்றால் வீடு எப்படி ஓடும் என்று குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தப் பகுதி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு காலத்தில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் விடியும் முன்பே வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிச் சென்றது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளையின் கூலியை நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு வருமானம் வேண்டும் என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்திருந்தது. தொண்டர்களுக்கும் புரிய வேண்டும்.
- பனியன் கம்பெனியில் 'கைமடி' என்னும் உதவியாள் வேலைக்குப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். யார் சொன்னது என்பது வெளியே வராது.

செய்யக்கூடாதவை

- பெரியவளான பெண்ணை மில் விடுதிக்கு அனுப்புவது 'பாதுகாப்பு' என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டத்துப் பெண்களை நூற்பாலைகளுக்குக் கூட்டிச் சென்றதை மறக்க வேண்டாம். பாதியில் திரும்பியவர்களுக்கு அந்தப் பணம் கைக்கு வராமலே போனதும் உண்டு.
- விடுமுறையில்தானே என்று விட்டுவிடாதீர்கள். மே மாதக் கூலி ஜூனில் பள்ளி வாசலை மறக்க வைக்கும்.

7. ஊரில் விட்டுச்செல்லப்படும் பிள்ளைகள்

செய்ய வேண்டியவை

- அப்பா, அம்மா போன் பேச ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். நினைத்தபோது பேசுவதைவிட, குறித்த நேரத்தில் தவறாமல் பேசுவது பிள்ளைக்குத் தெம்பு.
- பள்ளிப் பதிவேட்டில் தாத்தா அல்லது ஆச்சியின் போன் எண்ணையும் சேருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

- வீட்டு வேலை, தம்பி, தங்கை, ஆடு, மாடு எல்லாவற்றையும் மூத்த பெண் தலையில் கட்டாதீர்கள். படிப்பை நிறுத்தாமலே நிறுத்தும் வழி அது.
- "உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

8. கொடைக்கும் பொங்கலுக்கும் திரும்பி வரும்போது

செய்ய வேண்டியவை

- பங்குனி, சித்திரையில் ஊர்ப் பொங்கல், கோயில் கொடை என்றால் குடும்பம் திரும்பத்தான் செய்யும். ஊரும் சாமியும் இல்லாமல் அவர்களுக்கு நகரத்தில் காலூன்ற முடியாது. எத்தனை நாள் என்று பள்ளியில் முன்பே சொல்லி வைத்துவிட்டுப் போகச் செய்யுங்கள்.
- நிரந்தரமாகத் திரும்பினால், மூன்றாம் பகுதியில் சொன்ன அத்தனையும் தலைகீழாக மறுபடி நடக்க வேண்டும்: சான்றிதழ், பொதுத் தொகுப்பு, சேர்க்கை. இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

செய்யக்கூடாதவை

- நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை அடித்துவிடாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள்.
- "பட்டணத்துல தேறலையோ" என்று ஊரில் யாரும் கேட்க விடாதீர்கள்.

9. துணை நிற்பவர் தமக்குத் தாமே

செய்ய வேண்டியவை

- ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டு முழுவதும் நிற்க முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். விலக நேர்ந்தால் அடுத்தவரைக் கையோடு அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள்.
- பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல் துறைக்கு உடனே தெரிவியுங்கள். அது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல, சட்டக் கடமை. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்.
- ஆதரவற்று நிற்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழிகாட்டும்.

செய்யக்கூடாதவை

- பாலியல் புகாரை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்காதீர்கள். பிள்ளையிடம் மீண்டும் மீண்டும் துருவிக் கேட்காதீர்கள்.
- பிள்ளையைத் தனியாக உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் கூடாது.
- செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். 'சைக்கிள் வாங்கித் தாரேன்' என்று சொல்லி மறந்த பெரியவரைப் பிள்ளை மறக்காது.
- பெற்றோருக்குப் பதில் பெற்றோராக நடக்காதீர்கள். பத்து மணி நேரம் தையல் மிஷினில் குனிந்துவிட்டு வரும் அம்மாவிடம் "பிள்ளையைக் கவனிக்கிறதில்லையா?" என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வந்து உட்காருவார்கள்.

போனில் குறித்துக்கொள்ள

குழந்தைகள் உதவி 1098. பள்ளிச் சேர்க்கை, கல்விக் குறை 14417. மனநலம் 14416. பெண்கள் உதவி 181.

இந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நடை, அலுவலகத்தில் ஒரு மணி நேரக் காத்திருப்பு, இவ்வளவுதான். உங்கள் தெருவில் இந்த வருஷம் யார் கிளம்பப்போகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், போகிற ஊரைக் கேளுங்கள், உங்கள் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.